அளவு ஜாக்கெட்டில் இல்லாத அளவு

தைக்கக் கொடுக்க வருகிறவர்களின் பையில் மூன்று பொருள்கள் கட்டாயம் இருக்கும். சேலையிலிருந்து வெட்டிய ஜாக்கெட் பிட், லைனிங் துணி, ஓர் அளவு ஜாக்கெட். பையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு, "இதே மாதிரி தச்சிருங்கக்கா" என்பார்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்த அளவு ஜாக்கெட்டை மேஜையில் விரித்தால் ஒரு பெண்ணின் ஏழெட்டு வருடக் கதை தெரியும். பக்கவாட்டில் முதலில் ஒரு தையல் பிரிக்கப்பட்டிருக்கும், பிறகு இன்னொன்று. கைச்சுற்றைத் தளர்த்தியிருப்பார்கள். கொக்கிப் பட்டியில் ஒட்டுத்துணி ஏறியிருக்கும். கல்யாணம், பிரசவம், மாத்திரை, வயது என்று உடம்பு கண்ட மாற்றம் எல்லாமே அதில் பதிவாகியிருக்கும். கழுத்து மட்டும் மாறியிருக்காது. கல்யாணத்தின்போது யாரோ ஒரு டெய்லர் அவசரத்தில் வெட்டிய அதே வட்டம், அதே ஆறு இன்ச். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு டெய்லரும் அதைப் பார்த்தே வெட்டியிருப்பார்.

மதுரையில் வீட்டு மாடியில் மெஷின் போட்டு எனக்கு 22 வருடங்கள் ஆகின்றன. இத்தனை வருடத்தில் "என் முகத்துக்கு எந்தக் கழுத்துக்கா நல்லா இருக்கும்?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்பவர்களும் கல்யாணப் பெண்ணாக இருப்பார்கள். மற்றவர்களுக்கு, நல்லா இருப்பது என்ற கேள்வியே முடிந்து போன மாதிரி. "ஏதோ ஒரு நெக் போடுங்க, எனக்கு எது போட்டா என்ன" என்று சொல்லும்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அளவு ஜாக்கெட் என்ற வழக்கம் எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஓர் அனுமானம் உண்டு. முன்பெல்லாம் டெய்லர்கள் ஆண்கள். முன்னால் நின்று டேப் பிடித்து அளவு கொடுக்கப் பெண்களுக்குக் கூச்சம், வீட்டில் விடவும் மாட்டார்கள். அதனால் உடம்புக்குப் பதிலாகத் துணி போனது. பல வீடுகளில் தம்பியோ மகனோதான் பையைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வருவான். கழுத்து ஒரு இன்ச் இறக்கிவிடுங்கள் என்று அவன் வாயால் எப்படிச் சொல்லி அனுப்புவது? கேட்க முடியாமல் போனது, காலப்போக்கில் தோன்றாமலே போய்விட்டது.

நான் வெட்டுவதற்குக் கற்றுக்கொண்டது புது மண்டபத்தில். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். கல் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது கடைகளையெல்லாம் அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். முறைத்துப் பார்க்க மாட்டார். நடந்து வரும்போதே கவனித்து முடித்துவிடுவார். கழுத்து நீளமா குட்டையா, தோள் நேராக நிற்கிறதா சரிகிறதா, முதுகு நிமிர்ந்திருக்கிறதா. இந்த மூன்றும் அவருக்குப் போதும். "மார்ச் சுற்று, இடுப்புச் சுற்றெல்லாம் டேப் சொல்லிரும்மா. கழுத்தை டேப் சொல்லாது" என்பார்.

துணி எந்த இடத்தில் முடிந்து தோல் தொடங்குகிறதோ, பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். அந்தக் கோடு குறுக்கே போனால் கண்ணும் குறுக்கே ஓடும், தோள் அகலமாகத் தெரியும். கீழ்நோக்கி இறங்கினால் கண்ணும் இறங்கும், கழுத்து நீளமாகத் தெரியும். கழுத்து டிசைன் என்று நூறு பெயர் சொன்னாலும் எனக்குத் தெரிந்த சூட்சுமம் இது ஒன்றுதான். குட்டைக் கழுத்தும் வட்ட முகமும் உள்ளவருக்கு ஒட்டினாற்போல் ஒரு ரவுண்ட் நெக் போட்டால் முகத்தின் வட்டமும் துணியின் வட்டமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வி நெக்கோ, கொஞ்சம் இறங்கிய யு நெக்கோ போட்டால் தாடைக்குக் கீழே இடம் கிடைத்த மாதிரி இருக்கும். நீளக் கழுத்து, ஒடுங்கிய தோள் உள்ளவருக்கு இது அப்படியே தலைகீழ். போட் நெக், ஸ்கொயர் நெக் எல்லாம் அவர்களுக்காகவே பிறந்தவை. அவர்களுக்கு ஆழமான வி போட்டால் கழுத்து இன்னும் நீண்டு, முகம் சோர்ந்து தெரியும். அகலத் தோள்காரர்கள் போட் நெக்கைத் தவிர்க்கலாம், தவிர்த்தே ஆகவேண்டும் என்றில்லை. விளையாட்டு வீராங்கனை மாதிரி நிமிர்ந்து நிற்கிற பெண்கள் அதைப் போட்டு வரும்போது நானே கண் வைத்திருக்கிறேன்.

இந்த முகத்துக்கு இந்தக் கழுத்து என்று படம் போட்ட அட்டவணைகள் இப்போது எல்லார் போனிலும் சுற்றுகின்றன. கல்லூரிப் பெண்கள் காட்டுவார்கள். குர்திக்கும் டாப்ஸுக்கும் அது ஓரளவு சரியாக வரும். சேலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் அந்தப் படங்களில் முந்தானை கிடையாது.

யோசித்துப் பாருங்கள். முந்தானை வலது இடுப்பிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஏறி இடது தோளில் போய் விழுகிறது. முன் கழுத்தின் இடது பக்கத்தை அது சாப்பிட்டுவிடும். தெரிவது வலது பக்கம் மட்டும். அதுவும் ஒரு சாய்ந்த கோட்டோடு சேர்ந்து தெரியும். அதாவது, வி நெக்கில் பாதியை முந்தானையே போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் குர்தியில் மூச்சு முட்டுகிற மாதிரி தெரியும் ரவுண்ட் நெக், அதே பெண் சேலை கட்டும்போது அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை. ஆசைப்பட்டு நான்கைந்து வளைவு வைத்துத் தைத்த முன் கழுத்து, முந்தானையைப் போட்டதும் என்ன வடிவம் என்றே புரியாமல் போவதும் இதனால்தான். மடிப்பு வைத்துத் தோளில் பின் குத்துகிறவர்களுக்குக் கழுத்து முக்கால்வாசி தெரியும். ஒற்றை முந்தானையாக விடுகிறவர்களுக்குப் பாதிதான். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "முந்தானை எப்படிப் போடுவீங்க?"

இரண்டாவது கேள்வி, "பின்னலா, கொண்டையா?" முன் கழுத்துக்கு முந்தானை இருக்கிறது, பின் கழுத்தை மறைக்க எதுவும் இல்லை. கோயில் வரிசையில், பஸ்ஸில், பந்தியில் நம்மைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் முதுகுப் பக்கம்தான் நிற்கிறார்கள். பானை நெக், இலை நெக், ஜன்னல் நெக் என்று பின்னால் எது வைத்தாலும் அது எடுபட வேண்டுமானால் கொண்டை போட வேண்டும். நீளப் பின்னலும் நான்கு முழம் மல்லிகையும் வைக்கிறவருக்கு முதுகில் அறுநூறு ரூபாய்க்கு வேலைப்பாடு செய்வது வீண். கூலி எனக்குத்தான் வருகிறது என்றாலும் சொல்லிவிடுவேன்.

பின் கழுத்தை இறக்கும்போது இன்னொன்று. ஒன்பது, பத்து இன்ச் இறக்கம் வைத்து அகலமும் கூட்டினால் ஜாக்கெட் தோளில் நிற்காது. அதனால் தோள் அளவில் கொஞ்சம் குறைத்து வெட்டுவோம், மேலே நாடா வைத்துக் கட்டுவோம். நாடா வெறும் குஞ்சலம் தொங்குவதற்கு அல்ல, ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். தோள் சரிந்த உடம்புக்காரர்கள் நாடா இல்லாமல் அகலக் கழுத்து கேட்டால், நாள் முழுக்கத் தோளை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் அப்படி இழுத்துவிட்டபடி நிற்கிற பெண்ணைப் பார்த்தால், யார் வெட்டியது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தெட்டு இருக்கும். பத்து வருடமாக என்னிடம்தான் தைக்கிறார். அளவு ஜாக்கெட், ரவுண்ட் நெக், ஆறு இன்ச். ஒரு தடவைகூட அதில் மாற்றம் கேட்டதில்லை. போன வருடம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் பட்டு எடுத்துக்கொண்டு வந்தவர், பையைக் கொடுத்துவிட்டு, "காலர் வச்சுத் தச்சிரும்மா. கழுத்து தெரியக் கூடாது" என்றார்.

"பட்டுல காலரா? ஏன் டீச்சர்?"

முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். தொண்டைக்குக் கீழே, கழுத்தெலும்புக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு தழும்பு. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் சிவப்பு மாறவில்லை. அதன்மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களாம். வெளியே போகும்போது முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் முதல் தடவை வர்றாங்க. ஆளாளுக்கு என்னன்னு கேப்பாங்க. பொண்ணுக்கும் அது வருமான்னு கேப்பாங்க. அதான் பயம்" என்றார்.

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது துணி மட்டும். டீச்சருக்கு முகம் நல்ல வட்டம். கழுத்து குட்டை, தாடைக்கும் தொண்டைக் குழிக்கும் நடுவே என் மூன்று விரல் அடங்கும். ஒன்றரை இன்ச் காலர் வைத்தால் அந்த இடம் மொத்தமும் துணிக்குள் போய்விடும். தோளுக்கு மேலே நேராக முகம் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். போட் நெக் வைக்கலாமா என்றால், அது தழும்புக்குக் கீழே அதே போலக் குறுக்காக ஓடும். இரண்டு கோடு ஒன்றுக்கொன்று இணையாக நின்றால் கண் தழும்பைத்தான் தேடிப் போகும். அவருக்குச் சரியாக வரக்கூடியது ஏழு இன்ச் வி. கோடு கீழே இறங்குவதால் கண்ணும் கூடவே இறங்கிவிடும், தழும்பில் நிற்காது. ஆனால் தழும்பு திறந்திருக்கும்.

வாயால் சொன்னால் புரியாது என்று பழைய பாப்ளின் துணியில் ஒரு மாதிரி வெட்டினேன். வலது பக்கம் காலர், இடது பக்கம் வி. போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, ஒரு அட்டையால் ஒரு பக்கத்தை மறைத்துக் காட்டினேன். பிறகு மறு பக்கத்தை. கணக்கு டீச்சர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "வி-ல முகம் நல்லா இருக்கு" என்றார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆனா தெரியுதேம்மா."

"தெரியும் டீச்சர்."

"காலரே வச்சிரு."

காலரே வைத்தேன். அது அவர் கழுத்து. என் பங்குக்குச் செய்ய முடிந்தது, காலரைத் தொண்டையோடு ஒட்டவிடாமல் முன்னால் கால் இன்ச் தளர்த்தி, உள்ளே கேன்வாஸ் வைக்காமல் மெல்லிய துணி மட்டும் கொடுத்தது. தழும்பின் மேல் கெட்டியான விளிம்பு உரசக் கூடாது.

நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு மாதம் கழித்துக் கல்யாணத்துக்காக வந்தார். இந்தத் தடவை பையில் அளவு ஜாக்கெட் இல்லை. போனை எடுத்து நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டினார். எதிலும் யாரும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் டீச்சர் தாடையைத் தூக்கிக்கொண்டு, யாரையோ எட்டிப் பார்க்கிறவர் மாதிரி நின்றிருந்தார். "குனிய முடியலம்மா. சாப்பிடும்போதும் நிமிர்ந்துக்கிட்டே சாப்பிட்டேன். வேர்த்து, தழும்பு எரிய ஆரம்பிச்சிருச்சு. பொண்ணு காதுல ஏதோ சொல்ல வந்தா, திரும்ப முடியல" என்றார்.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"காலரு எதுக்குன்னுதான் கேட்டாங்க. கல்யாணப் பொண்ணோட அம்மா பட்டுல எதுக்குக் காலரு வச்சிருக்குன்னு. கடைசியில நானே சொல்லிட்டேன், ஆபரேஷன்னு. சம்பந்தியம்மா தன்னோட தங்கச்சிக்கும் அதே ஆபரேஷன்னு சொல்லி, எந்த மாத்திரை எத்தனை எம்.ஜி.ன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க."

பிறகு அவரே சொன்னார். "வி வச்சிரு. நீ அன்னைக்கு வச்ச அளவு. ஏழுதானே?"

ஏழுதான். கழுத்து ஓரத்தில் மட்டும் அரக்கு நிறத்தில் மெல்லிய பைப்பிங் கொடுத்தேன், கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போவதற்கு. நகை என்ன போடுவார் என்று கேட்டேன். அட்டிகை என்றார். வேண்டாம், அது சரியாகத் தழும்பின் மேலே உட்கார்ந்து உறுத்தும், நீள ஆரம் மட்டும் போட்டால் வி-யின் முனையோடு சேர்ந்து இறங்கும் என்றேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து காட்டினார். ஒரு படத்தில் மகளின் தலையில் பூவைச் சரிசெய்ய நன்றாகக் குனிந்திருக்கிறார். தழும்பு தெரிகிறது, சங்கிலி பதிந்த தடம் போல ஒரு கோடு.

இப்போது பள்ளிக்குப் போடும் காட்டன் ஜாக்கெட்டுகளுக்கும் வி-தான், ஆறரை. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினாலும் தூக்காதபடி தோளில் நிற்கவேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை.

நகையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தும் நகையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடக் கூடாது. அட்டிகை போட ஆசையென்றால் தோல் தெரிகிற இடம் வேண்டும், ஸ்கொயர் நெக் அதற்குக் கச்சிதம். போட் நெக்கில் அட்டிகை துணிமேல் ஏறி நிற்கும், அதற்குத் துணிக்கு மேலே விழும் நீள ஆரம்தான் சரி. தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது அதிகம். பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போகிறவன் பயம். அவர்களுக்குப் பின் கழுத்து ரொம்ப இறங்கினால் சங்கிலி முதுகில் பளிச்சென்று தெரியும், அகலத்தையும் இறக்கத்தையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். கைக்குழந்தைக்காரர்கள் போட் நெக் கேட்டு வந்தால், கொக்கி பின்னால் வருமே, பால் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்பேன். சிரித்துக்கொண்டு வி-க்கு மாறிவிடுவார்கள். அது முன்பக்கம் திறப்பதற்குத் தோதானது.

வயது என்று ஒரு பேச்சு வரும். "இந்த வயசுல என்ன கழுத்து வேண்டிக்கிடக்கு?" என் அத்தை, அதாவது மாமியார், அடிக்கடி சொல்கிற வார்த்தை. அவருக்கு 68. முன்னால் ஐந்து இன்ச், பின்னால் நான்கு இன்ச், நெருக்கி மூடின கழுத்து. அடக்கமாக இருக்க வேண்டுமாம். எங்கள் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கத்து ஊரில் கடைசிவரை ரவிக்கையே போட்டதில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு காடு கழனி எல்லாம் போய் வந்தது. அதன் அடக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. இந்தப் பக்கம் இப்படி. கன்னியாகுமரிப் பக்கமோ, தோளை மறைக்கும் உரிமைக்காகவே பெண்கள் அடிபட்டுப் போராடியிருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரசு 1859-ல்தான் இறங்கி வந்தது. எவ்வளவு மூட வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் போல.

அத்தையிடம் இதையெல்லாம் பேசவில்லை, பேசினால் அன்றைக்குச் சமையல் என் தலையில். அவருடைய பிரச்சினை அடக்கம் அல்ல, முதுகு. மேல் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. நாற்பது வயதில் வெட்டிய அளவையே வைத்துத் தைத்தால் பின்னால் துணி போதாமல் இடுப்பில் மேலே ஏறும், பின் கழுத்து ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், முன்னால் துணி மிஞ்சி மடிந்து தொங்கும். அதைத்தான் அவர் நாள் முழுக்கக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். முதுகு நீளத்தில் முக்கால் இன்ச் கூட்டினேன், முன்னால் அதைக் குறைத்தேன். முன் கழுத்தை ஆறரைக்கு இறக்கி யு-வாக வளைத்தேன். பின்னால் ஆறு. விரல் சரியாக மடங்காததால் பெரிய கொக்கி. போட்டுப் பார்த்துவிட்டு, "காத்து வருது தாயி" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. ஆனால் அடுத்த வாரமே பீரோவிலிருந்து ஆறு ஜாக்கெட்டை எடுத்து வந்து, "இதையும் அதே மாதிரி ஆக்க முடியுமா பாரு" என்றார். மூடிய கழுத்தை இறக்க முடியும். இறங்கிய கழுத்தை ஏற்ற முடியாது. ஆறில் நான்கு தேறியது.

உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்க என் வீட்டு மாடிக்கு வர வேண்டியதில்லை. முடியை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தைச் சுற்றி இருக்கிற உடையை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி முன்னால் நில்லுங்கள். ஒரு கறுப்பு துப்பட்டாவை எடுத்து முதலில் வி-யாகப் பிடியுங்கள், பிறகு குறுக்கே நேராக, பிறகு வட்டமாக. மூன்றையும் போனில் படம் எடுங்கள். நீங்களே கையை நீட்டிப் போனை உயர்த்தி எடுத்தால் கழுத்தின் நீளம் உள்ளபடி தெரியாது, அது ஏமாற்று. போனை நெஞ்சு உயரத்தில் எங்காவது சாய்த்து வைத்து, நான்கைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். வீட்டில் யாரையாவது முதுகுப் பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். நம் முதுகை நாம் பார்ப்பதே இல்லை.

இறக்கம் எவ்வளவு என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்களிடம் இருக்கிற சங்கிலிகளில் எது போட்டால் முகம் எடுப்பாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சங்கிலியின் டாலர் எங்கே தொங்குகிறதோ, கிட்டத்தட்ட அதுவே உங்கள் முன் கழுத்து. கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து அதுவரைக்கும் இன்ச் டேப்பை நேராக இறக்கி அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெய்லரிடம் "டீப்பா வேண்டாம், ரொம்ப ஏத்தியும் வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "முன்னால ஆறே முக்கால், பின்னால எட்டு, வி" என்று சொன்னால் விளங்கும். ஆண் டெய்லராக இருந்தாலும் எண்ணைச் சொல்வதில் கூச்சம் இருக்காது, தம்பியிடமும் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். ஒரு விஷயம் மட்டும். மேஜையில் விரித்துப் பார்க்கும் கழுத்தைவிட, உடம்பில் ஏறிய பிறகு அது கொஞ்சம் இறங்கித்தான் தெரியும், மார்புப் பக்கம் இழுக்கும். அதனால் சந்தேகமாக இருந்தால் அரை இன்ச் மேலேயே சொல்லுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம்.

துணியையும் கேளுங்கள். பட்டு விறைப்பானது, ஸ்கொயர் நெக்கின் மூலை அதில் மூலையாகவே நிற்கும். சுங்குடிச் சேலையோடு வருகிற மெல்லிய காட்டனில் அதே மூலை நான்கு துவைப்புக்குள் வளைந்துவிடும், அதற்கு யு-வோ வட்டமோ நல்லது. ஜார்ஜெட்டில் வி கேட்டால் உள்ளே கேன்வாஸ் பட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வி சோர்ந்துபோய் என்ன எழுத்து என்றே தெரியாது.

லைனிங் துணியை வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் துவைப்பில் லைனிங் சுருங்கினால், எவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டிய கழுத்தும் சுருக்கம் விழுந்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் கொண்டு வந்தால் மட்டும் ஊறவைக்க நேரம் இருக்காது. எங்களுக்கும் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது, அளவு ஜாக்கெட்டைப் பார்த்து வெட்டிவிடுவோம்.